இதனால் என்ன பயன்?



இன்று பெத்தானியாவுக்குப் போகுமுன் இங்கிலாந்தில் இரண்டு வண்டிகளைப் பார்த்துவிட்டு வருவோம். மறையுரையில் கார் எதற்கு என்று முகம் சுளிக்க வேண்டாம், காரணம் இருக்கிறது.

ஒன்று, லேண்ட் ரோவர். இரண்டாம் உலகப் போர் முடிந்து, அந்த நாட்டில் எஃகுக்குக்கூடப் பங்கீடு இருந்த காலம். ரோவர் நிறுவனத்தின் மாரிஸ் வில்க்ஸ், 1947-இல் ஆங்கிள்சி தீவின் கடற்கரை மணலில் இதன் வடிவத்தைக் கீறிக் காட்டினார் என்பார்கள். எஃகு கிடைக்காததால் வெளித்தகட்டை அலுமினியக் கலவையில் செய்தார்கள். 1948-இல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சிக்கு வந்தது. நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும், சேற்றில் இறங்கி ஏறும், எஞ்சினோடு பட்டையை மாட்டினால் மரம் அறுக்கும் வாளையும் சுற்றும். அழகு? பெட்டிக்குச் சக்கரம் வைத்த மாதிரிதான்.

மற்றொன்று, ஜாகுவார் இ-டைப். 1961 மார்ச்சில் ஜெனீவாவில் அறிமுகமானது. இதன் உடலை வடிவமைத்த மால்கம் சேயர் விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். நீண்ட மூக்கு, இருவருக்கு மட்டுமே இடம், மணிக்கு 150 மைல் போகும் என்ற பேர். நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் இதில் ஒன்றைச் சேகரிப்பில் வைத்திருக்கிறது. ஆனால் இதில் இரண்டு மூட்டை உருளைக்கிழங்கு ஏற்ற முடியாது. எங்கள் மலைப்பாதையில் முதல் வளைவிலேயே அடி தட்டிவிடும்.

மறையுரை ஆற்றுகிறவர்களுக்கு இது லட்டு மாதிரி. ஊழியம் செய்வது உயர்ந்தது, அழகு வீண் என்று முடித்துவிடலாம். சென்ற ஆண்டு பங்குப்பேரவையில் அப்படித்தான் பேசினோம். கிளைக்கிராமங்களுக்குப் போகும் பழைய ஜீப்பின் கியர் பெட்டி போய்விட்டது. கையில் பணமில்லை. பாடகர் குழுவின் ஆர்மோனியத்தைச் சரிசெய்ய ஒதுக்கிய தொகையை எடுத்துவிடலாம் என்றோம். “ஜீப் ஓடினால்தானே நோயாளிகளைப் பார்க்க முடியும்? பாட்டால் என்ன பயன்?” என்று அழுத்திச் சொன்னதும் நாமே. எல்லோரும் தலையாட்டினார்கள். கடைசி வரிசையிலிருந்து ஒரு பாட்டி மட்டும் எழுந்தார்.

“சாமி, வீட்டுலயும் என்னப் பாத்து இதையேதான் கேக்குறாங்க.”

அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டார். நமக்குப் பேச்சு எழவில்லை.

பெத்தானியாவில் மரியா தைலத்தை ஊற்றியபோது யூதாசு முந்நூறு தெனாரியம் என்று கணக்குப் போட்டான். ஏறக்குறைய ஒரு கூலியாளின் ஓராண்டு வருமானம். கணக்கில் பிழையில்லை, ஏழைகளின் பெயரைத்தான் அவனும் சொன்னான், நம்மைப் போலவே. அதே விருந்தில் மார்த்தா பரிமாறிக்கொண்டிருந்தார் என்று யோவான் குறிப்பிடுவதை நாம் பலமுறை வாசித்தும் கவனிப்பதில்லை. மார்த்தா பரிமாறியதை ஆண்டவர் உண்டார். மரியாவைத் தடுக்கவும் விடவில்லை. இருவரும் ஒரே வீட்டில். இந்த இரண்டு வண்டிப் பெயர்களும்கூட 2008 முதல் டாட்டா என்ற ஒரே கூரையின் கீழ்தான் இருக்கின்றன.

ஆர்மோனியத்தைச் சரிசெய்தோம். ஜீப்பைக் கடனில் ஓட்டுகிறோம். கடன் இன்னும் தீரவில்லை. பாஸ்காவுக்குப் பிறகு அந்தப் பாட்டியால் கோவிலுக்கு வர இயலவில்லை. வரும் முதல் வெள்ளியன்று அவருக்கு நற்கருணை கொண்டுபோகிறோம், அந்த ஜீப்பில்தான். அன்று சொன்ன வார்த்தைக்கு இன்னும் அவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்க வேண்டும்.