சுவர் விளம்பரமும் சட்டமும்
(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வெள்ளி விழா மேடையில் கல்வியைப் பற்றிப் பேசுவதே முறை. நானோ, இராயபுரம் முதல் எண்ணூர் வரை மதிற்சுவர்களிலும் மின்ரயில் பெட்டிகளிலும் நாம் விரும்பாமலே படித்துவரும் மருந்து விளம்பரங்களைப் பற்றிப் பேச விழைகின்றேன்.

என் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் திடீரென்று வராது நின்றான். வீடு தேடிச் சென்றேன். துறைமுகத்தில் சுமை தூக்கும் தந்தைக்குக் காசநோய். அரசு மருத்துவமனையில் இலவசமாகத் தந்த மாத்திரைகளை இரண்டு மாதம் உண்டதும் இருமல் தணிந்தது. குறைந்தது ஆறு மாதம் தவறாது உண்ண வேண்டிய மருந்து அது. இடையில் நிறுத்தினால் கிருமி மருந்துக்கு அடங்காததாகிவிடக் கூடும். அவரோ, நாற்பதே நாளில் நோயை வேரறுப்பதாகக் கூறிய துண்டறிக்கையை நம்பி, கடன்பட்டு லேகியம் வாங்கினார். நோய் திரும்பியது. கடனடைக்க மகன் மீன் ஏலக்கூடத்தில் ஐஸ் உடைக்கச் சென்றுவிட்டான்.

அத்துண்டறிக்கையை வெளியிட்டதே குற்றம் என்பதை அவர் அறியார். பட்டம் பெற்ற நானும் அன்று அறிந்திலேன். பிறகே சட்டத்தைத் தேடிப் படித்தேன்.

மருந்து, மாய நிவாரண விளம்பரங்களைத் தடுக்கும் மத்தியச் சட்டம் 1954இல் இயற்றப்பட்டது. அதன் அட்டவணையில் 54 நோய்களும் நிலைகளும் உள்ளன. காசநோய், புற்றுநோய், நீரிழிவு, வலிப்பு, தொழுநோய் ஆகியவை அவற்றுள் அடங்கும். இளைஞர்களே, உயரம் வளர்ப்பதும் அதில் உண்டு! இவற்றைத் தீர்க்கும் மருந்தென்று பொதுமக்களுக்கு விளம்பரம் செய்யலாகாது. தாயத்து, மந்திரம் ஆகியவற்றுக்கும் தடை உண்டு. அச்சிட்ட தாள் மட்டுமன்று. வாய்மொழி அறிவிப்பும், ஒலியாலும் ஒளியாலும், ஏன், புகையாலும் செய்வதும்கூட விளம்பரமே. முதல் குற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

பேச்சுரிமை பறிபோகிறதென்று மருந்து வணிகர்கள் உச்ச நீதிமன்றம் சென்றனர். சில பகுதிகளை நீக்கினாலும், வணிக விளம்பரம் பேச்சுரிமையாகாது என்று 1959 டிசம்பரில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024இல் பதஞ்சலி நிறுவனம் நாளேடுகளில் மன்னிப்புக் கோரி விளம்பரம் வெளியிட நேர்ந்ததும் இத்தகைய விளம்பரங்கள் பற்றிய வழக்கிலேதான்.

சட்டம் இருந்தும் சுவர்கள் மாறவில்லையே என்பீர்கள். புகார் தருவார் இல்லை என்பதே என் எண்ணம். 1963ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, நீதிமன்ற ஆணைக்குக் காத்திராமல் காவல்துறையே வழக்குப் பதியலாம்.

அத்தந்தை மீண்டும் முதலிலிருந்து மாத்திரை உண்டு தேறினார். மகன் ஓராண்டு இழந்து அதே வகுப்பில் வந்து அமர்ந்தான். அத்துண்டறிக்கையை இன்று கொண்டு வந்துள்ளேன். அதில் அச்சகத்தின் பெயர் இல்லை. காண விரும்பும் இளைஞர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வரலாம்.