எண்ணிக்கையும் ஏற்றமும்



நான் வாழும் ஆர்.எஸ்.புரம், இரத்தினசபாபதி முதலியாரின் பெயரைத் தாங்கியது. சிறுவாணித் தண்ணீரைக் கோவை நகருக்குக் கொணர அரும்பாடு பட்டவர் அவர். தூய குடிநீர் ஓர் ஊருக்குள் வருமானால், வாந்திபேதி என்று நம் முன்னோர் அஞ்சிய காலரா அவ்வூரை விட்டு விலகத் தொடங்கும். அந்தக் காலராவை ஆராய்ந்த இந்திய மருத்துவர் ஒருவரைப் பற்றி இன்று உங்களிடம் பேச விரும்புகிறேன். ஆராய்ச்சியாளர் ஒருவரின் பெருமையை எதைக் கொண்டு அளப்பது என்ற கேள்விக்கு அவர் வரலாறு நல்ல விளக்கமாகும்.

முதலில், இன்று வழங்கும் அளவுகோலைப் பார்ப்போம். ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுபவர், தமக்கு முன் எழுதியோரின் கட்டுரைகளில் எவை தமக்குத் துணைசெய்தன என்று இறுதியில் குறிப்பிடுவது மரபு. இதனையே மேற்கோள் என்கிறோம். எந்தக் கட்டுரையை யார் யார் மேற்கோளாக எடுத்தாண்டனர் என்பதைத் தொகுத்து, அமெரிக்காவில் யூஜீன் கார்ஃபீல்டு என்பவர் 1960-களில் ஓர் அட்டவணை வெளியிட்டார். பின்னர் 2005-ஆம் ஆண்டில் ஹிர்ஷ் என்னும் பௌதிகப் பேராசிரியர் ஹெச்-எண் என்ற கணக்கை வகுத்தார். ஒருவருடைய கட்டுரைகளில் 20 கட்டுரைகள், ஒவ்வொன்றும் 20 முறைக்குக் குறையாமல் மேற்கோளாகி, 21-க்கு அவ்வாறு அமையாவிடில், அவருடைய ஹெச்-எண் 20 ஆகும். வேலைக்கு ஆள் எடுக்கும்போதும், பதவி உயர்வு தரும்போதும், ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்கும்போதும் இத்தகைய எண்களைப் பார்ப்பது இன்று பல இடங்களில் வழக்கமாகிவிட்டது.

இனி, நான் சொன்ன மருத்துவரிடம் வருவோம். அவர் பெயர் சம்பு நாத் டே. 1915-இல் வங்காளத்தில் பிறந்து, கல்கத்தாவில் மருத்துவம் பயின்று, இலண்டனில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்றுத் திரும்பியவர். காலராக் கிருமி ஒரு நஞ்சை உண்டாக்கி அதனாலேயே மனிதனைக் கொல்கிறது என்று ராபர்ட் காக் 1884-லேயே கருதினார். ஆனால் அந்த நஞ்சைக் கண்டு காட்டுவோர் எழுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் தோன்றவில்லை. பலர் அதனைத் தவறான இடங்களில் தேடினர். டே நேரே குடலையே நாடினார். முயலின் சிறுகுடலில் ஒரு பகுதியை இருபுறமும் கட்டி, அதனுள் கிருமிகளைச் செலுத்தினார். அப்பகுதி நீர் நிறைந்து வீங்கிற்று. இம்முறையை அவர் 1953-இல் வெளியிட்டார். பின்பு கிருமிகளை அறவே வடிகட்டி நீக்கிய திரவத்தை மட்டும் செலுத்தியபோதும் குடல் அவ்வாறே வீங்கக் கண்டார். ஆகவே, நீரை வெளியேற்றுவது கிருமி விடுத்த நஞ்சே என்பது விளங்கிற்று. இச்செய்தி 1959-இல் ‘நேச்சர்’ இதழில் மிகச் சிறியதொரு கட்டுரையாக வந்தது.

அக்கட்டுரையை உலகம் உடனே கொண்டாடியதா? இல்லை. தொடக்க ஆண்டுகளில் அதனை மேற்கோள் காட்டியோர் மிகச் சிலரே. அந்நாளில் ஹெச்-எண் இருந்து, ஐந்தாண்டுக் கணக்கை வைத்து டேயின் தகுதியைத் தீர்மானித்திருந்தால், தீர்ப்பு எவ்வாறு அமைந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்! ஆண்டுகள் சென்றபின், அந்நஞ்சைப் பிரித்தெடுத்து ஆராயும் பணி பல நாடுகளில் பெருகியது. அப்போதுதான் மேற்கோள்களும் பெருகின. 1978-இல் ஸ்டாக்ஹோம் நகரில் நடந்த நோபல் கருத்தரங்குக்கு டே அழைக்கப்பட்டார். 1985-இல் அவர் மறைந்தார். அதுவரையில் நம் நாட்டு விஞ்ஞானக் கழகங்களில் ஒன்றேனும் அவரை உறுப்பினராக்கவில்லை. மறு ஆண்டில், மேற்கோள் அட்டவணையைத் தோற்றுவித்த கார்ஃபீல்டே டேயின் பணியைப் பற்றி விரிவாக எழுதினார். இன்று வழங்கும் காலராத் தடுப்பு மருந்துகளுள் ஒன்றில் அந்நஞ்சின் தீங்கற்ற கூறு சேர்க்கப்படுகிறது.

இதனால் மேற்கோள் எண்ணிக்கை பயனற்றது என்று நான் கூறவில்லை. மறைந்து கிடந்த டேயின் செல்வாக்கை வெளிப்படுத்தியதும் அக்கணக்கே அல்லவா? ஆனால் அது காட்டுவது ஒன்று. நாம் அதில் காண விரும்புவது வேறொன்று. புரதத்தை அளவிடும் முறை பற்றி லௌரி என்பவர் குழுவினர் 1951-இல் எழுதிய கட்டுரை மூன்று லட்சத்திற்கு மேற்பட்ட மேற்கோள்களைப் பெற்றது. உயிரியலின் தலைசிறந்த கண்டுபிடிப்பு அதுவே என்று எவரும் சொல்லமாட்டார். ஆயிரக்கணக்கான சோதனைச்சாலைகளில் நாள்தோறும் கைக்கருவியாக உதவியதால் அது அத்துணை முறை குறிப்பிடப்பட்டது. மேற்கோள் என்பது பயன்பாட்டின் சுவடு, உண்மையின் எடையன்று.

நம் கோவையிலேயே இதற்குச் சான்று உண்டு. இங்குள்ள கரும்பு இன விருத்தி நிலையம் 1912-இல் தோன்றியது. அது உருவாக்கிய கரும்பினங்கள் வட இந்திய வயல்களிலும் பரவின. அவற்றைப் பயிரிட்ட உழவர் எந்தக் கட்டுரையில் மேற்கோள் எழுதினார்?

மாணவர்களே, உங்களுள் சிலர் நாளை ஆராய்ச்சித் துறையில் புகுவீர்கள். ஒரு முடிவை நான்காகத் துண்டாக்கி நான்கு கட்டுரைகளாக்கவும், நண்பர்கள் ஒருவரையொருவர் மேற்கோள் காட்டிக் கணக்கை உயர்த்தவும் ஆசை எழக்கூடும். அவ்வேளையில் கல்கத்தாவின் ஒரு சோதனைச்சாலையில் கட்டப்பட்ட முயற்குடலை நினைத்துக்கொள்ளுங்கள். மற்றொருவரின் தகுதியை நீங்கள் மதிப்பிட நேரும் நாளில், எண்ணைப் பார்ப்பதற்கு முன் அவர் எழுதிய கட்டுரைகளுள் ஒன்றையேனும் முழுதும் படியுங்கள். அதில் கேட்கப்பட்ட கேள்வி என்ன, விடை எவ்வளவு உறுதியானது என்று ஆராயுங்கள். இந்த உழைப்பை நமக்காக எந்த எண்ணும் செய்து தாராது.