இரவில் நோகும் எலும்பு

பகலெல்லாம் ஓடியாடிய பாலகன் ஒருவன், நள்ளிரவில் முழங்காலுக்குக் கீழே எலும்பைப் பற்றிக்கொண்டு எழுந்து அழுவானானால், வளர்கிற வயதில் வருகிற நோவென்று தைலம் தடவிப் படுக்க வைப்பதே நம் இல்லங்களில் வழக்கம். ஆயினும், அவ்வலி மாதக்கணக்கில் ஒரே காலில், ஒரே இடத்தில் நிலைத்து, ஆஸ்பிரின் வகை மாத்திரைக்கு விரைவில் அடங்கிவிடுமாயின், நியூயார்க் நகரத்து நோய்க்குறியியல் அறிஞர் ஹென்றி ஜாஃபி 1935-ஆம் ஆண்டில் தனி வியாதியென வகுத்துக் காட்டிய 'ஆஸ்டியாய்டு ஆஸ்டியோமா' என்னும் சிறு எலும்புக் கட்டியை வைத்தியர் நினைவுகூர்வார். பெரும்பாலும் 1.5 சென்டிமீட்டருக்கு உட்பட்ட அதன் மையக்கரு, வலியைத் தூண்டும் புரோஸ்டாகிளாண்டினை மிகுதியாக உண்டாக்குகிறது. அந்த உற்பத்தியைத் தடுப்பதனாலேயே மாத்திரை பலிக்கிறது. கொடிய கட்டிகளும் இரவில் நோகுமாதலால், தாமே மாத்திரை கொடுத்துக்கொண்டிராமல் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது அவசியம்.

இக்கட்டி புற்றாக மாறுவதில்லை. சில ஆண்டுகளில் தானே அவிந்துபோவதும் உண்டு. அத்தனை காலம் ஒரு குழந்தையை உறக்கமின்றி வாட விடுவது எனக்குச் சம்மதமன்று. சி.டி. ஸ்கேனில் இடமறிந்து, ஊசிமுனை வழியே வெப்பம் செலுத்தி அக்கருவை அழிக்கும் சிகிச்சை இன்று கைகூடியிருக்கிறது; பலர் மறுநாளே நடக்கிறார்கள்.