இந்த ஆய்வுகூடம் எங்கள் ஊருடையது



திருநெல்வேலியில், எங்கள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞான பீடத்தில், சூரிய ஒளியிலிருந்து மின்சாரம் எடுப்பதற்குப் புதிய பொருள்களைத் தேடிக்கொண்டிருக்கிற ஒரு பௌதிக ஆய்வுக்குழு இருக்கிறது. அவர்களுடைய கட்டுரைகளை லண்டனிலும் நோர்வேயிலும் வாசிக்கிறார்கள். பலாலி வீதியால் தினமும் போய்வருகிற எங்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்? மருத்துவ பீடத்துக்கு எந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து எத்தனை பிள்ளைகள் எடுபட்டார்கள் என்று கேட்டால் மனப்பாடமாகச் சொல்லுவோம். இந்தக் குழுவைப் பற்றி ஒரு வசனம் சொல்லத் தெரியாமல் நிற்போம். அந்தக் குறை இன்றைக்கு இந்த மேடையிலாவது தீரட்டும்.

விஞ்ஞானக் கல்வி எங்களுக்கு நேற்று வந்ததல்ல. 1823இல் வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிமார் செமினரியைத் தொடங்கினார்கள். கணிதமும் வானியலும் அங்கே பாடங்கள். அங்கே படித்த கறோல் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும்தான் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள். நூற்றைம்பது வருடம் கழித்து, 1974இல் எங்கள் பல்கலைக்கழகம் யாழ்ப்பாண வளாகமாகப் பிறந்தபோது, விஞ்ஞான பீடம் முதலில் இயங்கியதும் அதே வட்டுக்கோட்டையில்தான். பிறகுதான் அது திருநெல்வேலிக்கு வந்தது.

அந்தப் பீடத்தின் பௌதிகத்துறையை வளர்த்தவர்களில் பேராசிரியர் குணரத்தினத்தின் பெயரைச் சொல்லாமல் நான் மேலே போக மாட்டேன். நிலத்துக்குக் கீழே கிடக்கிற பாறை, மேலே காந்தப்புலத்தில் எவ்வளவு மாற்றத்தை உண்டாக்கும் என்று கணக்கிட எளிய சமன்பாடுகளை 1981இல் அவர் எழுதி வெளியிட்டார். பேராசிரியர் குமாரவடிவேல் உருகிய உலோகங்களின் கட்டமைப்பை ஆராய்ந்தவர். 1995 ஒக்டோபர் 30 இரவு, போரால் இடம்பெயர்ந்து வலிகாமம் முழுவதும் மழையில் நனைந்தபடி நாவற்குழிப் பாலத்தைத் தாண்டி நடந்ததே, அந்த இரவில் இந்தப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தவர் அந்தக் குணரத்தினம்தான். கருவிகளை யார் தூக்கிக்கொண்டு நடப்பது? ஆட்கள்தான் நடந்தார்கள். ஆட்கள் திரும்பி வந்தபடியால்தான் துறையும் திரும்பி வந்தது. நான் இன்றைக்குச் சொல்ல வந்ததெல்லாம் இதைச் சுற்றித்தான்.

அந்த வருடங்களில் எங்களுக்கு மின்சாரமே இல்லை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்ச மண்ணெண்ணெய் விட்டு, திரி வைத்து, அந்த வெளிச்சத்தில்தான் பிள்ளைகள் உயர்தரம் படித்தார்கள். சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் வந்த மின்சாரத்தில் றேடியோவில் செய்தி கேட்டோம். டைனமோவிலிருந்து வருவது ஆடலோட்டம். றேடியோவுக்கு வேண்டியது நேரோட்டம். இடையில் இருவாயி போட்டுச் சீராக்க வேண்டும். அந்த வேலையை ஒழுங்கைக்கு ஒழுங்கை செய்து கொடுத்தவர்கள் எங்கள் பொடியங்கள். பரீட்சைக்குப் படித்த பௌதிகம் வீட்டுக்கு உதவியதை இந்த ஊர் கண்ணால் கண்டிருக்கிறது.

அந்த இருட்டைக் கடந்து வந்த ஊரில்தான் சூரியக் கலங்களுக்கு ஓர் ஆய்வுகூடம் எழும்பியது. பேராசிரியர் புண்ணியமூர்த்தி ரவிராஜன் லண்டன் இம்பீரியல் கல்லூரியில், ஜெனி நெல்சன் அவர்களின் குழுவில் கலாநிதிப் பட்ட ஆய்வு செய்தார். உலோக ஒட்சைட்டையும் பொலிமரையும் சேர்த்துச் செய்கிற கலப்புச் சூரியக் கலங்கள் அவருடைய துறை. 2006இல் நாக ஒட்சைட்டு நனோ கோல்களைப் பற்றி அவர் முதல் ஆசிரியராக நின்று வெளியிட்ட கட்டுரையைப் பல நாட்டு ஆய்வாளர்கள் இன்றும் எடுத்துக் காட்டுகிறார்கள். இப்படிப் படித்தவர் வெளியிலேயே நின்றிருந்தால் ஒருவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் இங்கே வந்து பிள்ளைகளைச் சேர்த்தார்.

இப்படியான ஆய்வுகூடத்தில் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் கிட்ட நின்று பார்ப்போம். கையில் ஒரு சின்னக் கண்ணாடித் துண்டு. அதன் ஒரு பக்கத்தில் மட்டும் மின்னைக் கடத்துகிற மெல்லிய படை. எந்தப் பக்கம் என்று கண்ணுக்குத் தெரியாது. மல்ரிமீற்றரை வைத்துத்தான் பார்க்க வேண்டும். ஓரங்களில் ஒட்டுநாடா ஒட்டி, நடுவில் டைட்டானியம் ஒட்சைட்டுப் பசையை விட்டு, கண்ணாடிக் கோலால் ஒரே இழுவையில் இழுக்க வேண்டும். கை நடுங்கினால் படை பிசகும். அந்தப் படையின் தடிப்பு ஒரு மில்லிமீற்றரில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு. பிறகு உலைக்குள், 450 பாகை செல்சியஸ் அளவில், அரை மணித்தியாலம். அந்த நேரம் கரண்ட் போனால் பட்ட பாடு வீண். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததே, அந்த நாள்களில் ஆய்வு செய்கிற பிள்ளையின் நிலையை யோசித்துப் பாருங்கள்.

உலையிலிருந்து எடுத்ததை இரவு முழுக்கச் சாயக் கரைசலில் ஊறவிடுகிறார்கள். வெளிச்சத்தை உறிஞ்சுவது அந்தச் சாயம். அது விடுகிற இலத்திரனை வாங்கிக் கொண்டு போவது டைட்டானியம் ஒட்சைட்டு. சாயம் இழந்ததை அயடீன் கலந்த கரைசல் திருப்பிக் கொடுக்கிறது. 1991இல் சுவிற்சர்லாந்தில் ஓ'ரீகனும் கிறெட்சலும் உலகத்துக்குக் காட்டிய வழி இது. 1995இல், திரவத்தை விட்டுத் திண்மத்தாலேயே அந்தக் கலத்தைச் செய்து காட்டிய முன்னோடிகளில் எங்கள் தீவின் பேராசிரியர் தென்னக்கோனின் குழுவும் ஒன்று. அவர்கள் வேலை செய்தது கண்டியில்.

இன்னொன்றையும் கேளுங்கள். இந்த டைட்டானியம் எங்கே கிடைக்கிறது? புல்மோட்டைக் கடற்கரையில், காலில் ஒட்டுகிற அந்தக் கறுத்த மண்ணில். இல்மனைற்றும் ரூட்டைலும் நிறைந்த அந்த மண்ணைக் கப்பலில் ஏற்றி அனுப்பிவிட்டு, ஆய்வுகூடத்துக்கு வேண்டிய தூளை வெளியிலிருந்து வாங்குகிறோம். எனக்கு இது மனவருத்தம் தருகிற சங்கதி.

தூய சக்தி எங்கள் குடிதண்ணீரோடு சேர்ந்த விசயம். குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. சுண்ணாம்புப் பாறைக்குள் தேங்குகிற நீரைத்தான் கிணற்றிலிருந்து அள்ளிக் குடிக்கிறோம், தோட்டத்துக்கும் இறைக்கிறோம். சுன்னாகத்தில் எண்ணெய் எரித்து மின்சாரம் எடுத்த இடத்தைச் சுற்றிக் கிணறுகளில் எண்ணெய் கலந்தது. வழக்கு நடந்தது. 2019இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பகுதி மக்களுக்கு 2 கோடி ரூபா நட்டஈடு கொடுக்கும்படி தீர்ப்புச் சொன்னது. கெட்ட நிலத்தடி நீரை அந்தக் காசு சுத்தமாக்கித் தராது. வெயில் எரிக்கிற ஊரில் வெயிலாலேயே மின்சாரம் எடுக்கப் படிக்கிற பிள்ளைகளுக்கு நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

சரி, இந்தக் குழுவின் ஆட்கள் யார்? முதுதத்துவமாணி, கலாநிதிப் பட்டம் என்று இங்கே ஆய்வு செய்கிறவர்கள். பட்டம் முடித்து வெளிநாட்டு ஆய்வுகூடங்களுக்குப் போனவர்கள். 2020இல் றுதேனியம் கலந்த டைட்டானியம் ஒட்சைட்டைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. அதில் யாழ்ப்பாணத்து ஆய்வாளர்களின் பெயர்களோடு நோர்வேயின் பேர்கன் நகரில் பேராசிரியராக இருக்கிற தயாளன் வேலாயுதபிள்ளையின் பெயரும் சேர்ந்து நிற்கிறது. அவர் மூலம் நோர்வேயின் உதவி இங்கே வந்தது. கோயம்புத்தூரில் இருக்கிற ஆய்வாளர்களும் சேர்ந்தார்கள். குழுவுக்கு வெளியே, பேராதனையில் பௌதிகம் படித்து சிக்காகோவுக்குப் போன சிவலிங்கம் சிவானந்தன், செங்கீழ்க் கதிர்களை உணர்கிற பொருள்களில் உலகப் பெயர் எடுத்து, 2013இல் வெள்ளை மாளிகையில் கௌரவம் பெற்றார். இப்படிப்பட்டவர்களின் படத்தைப் பத்திரிகையில் போட்டுப் பெருமைப்படுகிறோம், அது சரிதான்.

ஆனால் பத்திரிகையில் படம் வராத ஒருவர் இருக்கிறார். திருநெல்வேலியில் பட்டம் எடுத்து, வேலணையிலோ உடுப்பிட்டியிலோ முல்லைத்தீவிலோ பௌதிகம் படிப்பிக்கிறவர். பௌதிக ஆசிரியர் கிடைக்காமல் உயர்தரக் கணிதப் பிரிவை நடத்த முடியாமல் தவிக்கிற பள்ளிக்கூடங்கள் வன்னியில் உண்டு. அங்கே போய் நிற்கிற பட்டதாரியை இந்த ஆய்வுக்குழுவின் முழு உறுப்பினராகவே நான் எண்ணுகிறேன். அவர் இல்லாவிட்டால் நாளைக்கு ஆய்வுகூடத்துக்குள் வர ஒரு பிள்ளையும் இருக்காது. சிக்காகோவுக்குப் போனவருக்குக் கொடுக்கிற மாலையை அவருக்கும் போடுங்கள்.

புலம்பெயர்ந்த எங்கள் பழைய மாணவர் சங்கங்கள் பள்ளிக்கூடங்களுக்கு மதில் கட்டின, மண்டபம் கட்டின. நன்றியோடு சொல்லுகிறேன். இனி ஆளுக்குச் செலவழியுங்கள். திட்டப் பணம் மூன்று வருடமோ ஐந்து வருடமோ வரும். அது முடிகிற அன்றைக்கு, பாதி ஆய்வில் நிற்கிற பிள்ளை வேலை தேடிப் போகிறது. அந்தப் பிள்ளையை இன்னும் ஒரு வருடம் ஆய்வுகூடத்தில் வைத்திருக்க ஒரு மாதப்படி போதும். வெளிநாட்டு ஆய்வுகூடங்களில் இருக்கிற பழைய மாணவர்களே, உங்கள் இலத்திரன் நுணுக்குக்காட்டியில் எங்கள் பிள்ளைகளின் மாதிரிகளுக்கும் கொஞ்ச நேரம் ஒதுக்குங்கள். ஆளுக்கொரு மாணவரைப் பொறுப்பெடுங்கள்.

கடைசியாகத் தாய் தகப்பனிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளை நல்ல புள்ளி எடுத்து, பௌதிகத்தில் சிறப்புப் பட்டம் செய்யப் போகிறேன், ஆய்வு செய்யப் போகிறேன் என்று வந்து நின்றால், அதைப் படித்து என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டு மறிக்காதேயுங்கள். ஒருநாள் நேரம் எடுத்து, பிள்ளையையும் கூட்டிக்கொண்டு திருநெல்வேலிக்குப் போய், அந்த ஆய்வுகூடத்தை நேரில் பாருங்கள்.