ஏடும் எழுத்தாணியும் யார் பொறுப்பு?



ஆசிரியரைத் தெய்வ வரிசையில் வைத்துப் போற்றுவது தமிழர் மரபு. வகுப்பறைக்கு வேண்டிய பொருளை யார் தருவது என்னும் வினா எழும்போதுதான் அப்போற்றுதல் சற்றே தயங்குகின்றது.

திண்ணைப் பள்ளிக் காலத்தில் ஊரார் இதற்கொரு வழி கண்டிருந்தனர். ஓலையும் எழுத்தாணியும் மாணாக்கன் வீட்டுப் பொறுப்பு. அரிச்சுவடி பழக மணலே போதும். அமாவாசை, பௌர்ணமி நாள்களில் உபாத்தியாயருக்கு வாவரிசி வந்தது. நவராத்திரியில் பிள்ளைகள் கோலாட்டக் கோலுடன் வீடுதோறும் பாடிப் பெற்ற காசும் அவருக்கே. ஆசிரியர் தம் வாயால் கேட்கவில்லை. பிள்ளைகள் வாயால் கேட்க வைத்தது ஊர்!

இவ்வேற்பாட்டின் எல்லையைக் காட்டுபவர், காரைக்காலுக்கு வடமேற்கே மாயூரத்தில் வாழ்ந்த மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815-1876). இளமையில் தண்டியலங்காரம் கற்க, அந்நூலை வைத்திருந்த பரதேசி ஒருவரின் பின் அலைந்து பணிவிடை செய்தவர் அவர். நூல் கிடைப்பதன் அருமை அறிந்தவராதலின், தம்மிடம் வந்தவர்க்குக் கல்வியோடு உணவும் உறையுளும் அளித்தார். புதுவைச் சவராயலு நாயகர், நாகூர்க் குலாம் காதிறு நாவலர், உ.வே.சாமிநாதையர் எனச் சமய வேறுபாடின்றி மாணாக்கர் அவரை அடைந்தனர். தலபுராணங்கள் பாடி அரங்கேற்றிப் பெற்ற பரிசு அவர்களின் அடிசிலுக்கே செலவாயிற்று. திருவாவடுதுறை ஆதீனத்தின் ஆதரவு இருந்தும், கடன் அவரை இறுதிவரை விடவில்லை. அரங்கேற்றத்தில் சால்வை போர்த்திய கைகள் பல. கற்பித்தலின் செலவைக் கேட்டறிந்தவை எத்தனை?

காமராசர் ஆட்சியில், நெ.து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராக இருந்தபோது, 1958 முதல் நடந்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் அக்கேள்வியை ஊர் நடுவே வைத்தன. கரும்பலகை, நாற்காலி, கடிகாரம், நிலப்படம் எனப் பள்ளியின் தேவை பட்டியலாயிற்று. ஊரார் முன்வந்து அளித்தனர். கேட்டவர் ஆசிரியர் என்னும் தனிமனிதர் அல்லர், பள்ளி. அவ்வேறுபாடு சிறிதன்று. 1987-இல் நடுவணரசின் கரும்பலகைத் திட்டம், தொடக்கப் பள்ளிக்கு இரண்டு அறைகளும் இரண்டு ஆசிரியர்களும் அடிப்படைக் கற்பித்தல் கருவிகளும் வேண்டும் என்றது. நாடு விடுதலை பெற்று நாற்பதாண்டு கழிந்தபின் அரசு அறிவித்த குறைந்த அளவு அது!

இன்று, ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தில், முப்பது மாணவர்க்கு மேற்படாத பள்ளிக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய் மானியம் வகுக்கப்பட்டுள்ளது. சுண்ணக்கட்டி, பதிவேடு, பழுதுபார்ப்பு, துப்புரவு யாவும் அதற்குள் அடங்கவேண்டும். அடங்காதபோது நீள்வது பெரும்பாலும் ஆசிரியர் கைதான். ஊதியம் பெறுகிறாரே என்பர்; ஊதியம் பெறும் எழுத்தரிடம் அலுவலகத் தாளுக்கு யாரும் காசு கேட்பதில்லை.

செப்டம்பர் 5-இல் மட்டும் பொன்னாடைக்குக் குறைவில்லை. இலக்கிய மன்றங்களும் இதற்கு விலக்கல்ல. ஒரு பொன்னாடையின் விலையில் சுண்ணக்கட்டி எத்தனை பெட்டி வரும் என்பதைக் கடைத்தெருவில் கேட்டறிவது எளிது.