புதுக் குஞ்சுகளும் பழைய கோழிகளும்

(தோட்டத்து மாதர் பகுதிக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)

சம்பளம், வேலை நேரம், வீட்டு வசதி என்று இம்மேடையில் பெரிய விஷயங்களைப் பேசுவது வழக்கம். இன்று கோழிக் கூண்டைப் பற்றிப் பேசும்படி செயற்குழுவினர் எங்களைக் கேட்டுக்கொண்டார்கள். இது அற்ப விஷயம் என்று எவரும் எண்ண வேண்டாம். 2022-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், நாட்டில் கோழி போதாமல் அரசாங்கம் ஏற்றுமதியையே நிறுத்தியதை நாம் மறந்துவிடவில்லை. அந்நாட்களில், லயத்தின் பின்புறம் நாலு கோழி வளர்த்த வீட்டுப் பிள்ளைகளுக்கு முட்டைக்குக் குறைவில்லை.

ஆனால் கோழிக்கும் வயதாகிறது, முட்டை குறைகிறது. ஆகவே புதுக் குஞ்சுகளை வாங்கிச் சேர்க்க வேண்டியிருக்கிறது. இந்த இடத்தில்தான் நம்மில் பலர் தவறிவிடுகிறோம். நாங்களும் தவறினோம். அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

போன வருடம், கூட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தில் ஒரு மாதக் குஞ்சுகள் பன்னிரண்டு வாங்கினோம். மறுநாள் விடியற்காலை, பிரட்டுக்கு ஓடும் அவசரத்தில், ஆறு பெரிய கோழிகள் இருந்த கூண்டிலேயே அவற்றை விட்டுவிட்டுப் போனோம். மரம் வெட்டி, பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு மதியம் வீடு திரும்பினால், மூன்று குஞ்சுகள் தலை கொத்துண்டு செத்துக் கிடந்தன. மற்றவை தண்ணீர் குடிக்கவும் அஞ்சி மூலையில் ஒடுங்கி நின்றன. அந்த வாரத்திற்குள் இன்னும் ஐந்து போயின. மிஞ்சியவை நான்கே.

கோழிகள் பொல்லாதவையா? இல்லை, தோழர்களே. நார்வே நாட்டு அறிஞர் ஷெல்டரூப்-எப்பே என்பவர் சிறு வயது முதலே கோழிகளைக் கவனித்து வந்து, 1922-இல் ஓர் உண்மையை வெளியிட்டார். கோழிக் கூட்டத்தில் யார் யாரைக் கொத்தலாம், யார் யாருக்கு வழிவிட வேண்டும் என்று ஒரு வரிசை உண்டு என்பதே அது. புதிதாக ஒன்று நுழைந்தால் அந்த வரிசை கலைகிறது. ஒவ்வொரு கோழியும் தன் இடத்தைக் கொத்தித்தான் காட்டும். பெரிய கோழி எதிர்த்து நிற்கும், அல்லது ஓடும். குஞ்சு என்ன செய்யும்? பிழை எங்களுடையதே.

ஆகவே, முறையைச் சொல்கிறோம், கேளுங்கள்.

முதலாவது, தனிமை. வாங்கி வந்த குஞ்சுகளை நாலு வாரம் பழைய கோழிகளுக்கு எட்டாத தூரத்தில் வையுங்கள். வெள்ளைக் கழிச்சல் நோய் ஒரு வீட்டில் நுழைந்தால் லயம் முழுதும் கூண்டு காலியாகும். பழைய கோழிகளை முதலில் கவனித்துவிட்டு, பிறகு புதியவற்றிடம் போங்கள். திரும்பும்போது கை கழுவுங்கள், செருப்பை மாற்றுங்கள். இந்நோய்க்குத் தடுப்பு மருந்து உண்டு. வெயிலைத் தாங்கும் வி-4 என்ற மருந்தைத் தீனியில் கலந்து ஊட்டும் ஆராய்ச்சி 1980-களில் நம் செர்டாங் விவசாயப் பல்கலைக்கழகத்திலேயே நடந்தது. கால்நடை இலாகாவில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஒரு நாள் குஞ்சாக இருந்தால் முதல் வாரம் 32 முதல் 35 பாகை வரை சூடு வேண்டும்; பிறகு வாரத்திற்கு மூன்று பாகை குறைத்து வரலாம். விளக்கடியில் ஒன்றன்மேல் ஒன்று நெருங்கினால் குளிர். வாய் திறந்து விலகி நின்றால் சூடு அதிகம்.

இரண்டாவது, கம்பிவலை. தனிமை முடிந்ததும், குஞ்சுகளின் கூண்டைப் பெரிய கோழிகளின் பக்கத்திலேயே வைத்து, நடுவில் கம்பிவலை போடுங்கள். பார்க்கட்டும், சத்தம் கேட்கட்டும்; கொத்த மட்டும் முடியக்கூடாது. வலைக் கண் அரை அங்குலத்திற்கு மேல் வேண்டாம். இப்படி இரண்டு வாரம் போகட்டும். குஞ்சுக்குப் பத்துப் பன்னிரண்டு வாரமாகி, உருவத்தில் பெரிய கோழிக்குச் சற்றே குறைவாக இருக்கும்போது சேர்ப்பதே நல்லது.

மூன்றாவது, சேர்க்கும் நாள். ஓய்வு நாளாகப் பாருங்கள். இருட்டில் தூங்கும் கோழிகளின் அருகில் குஞ்சுகளை ஏற்றிவிட்டால் காலையில் எல்லாம் ஒன்றாகிவிடும் என்று பலர் சொல்வார்கள். இரவு அமைதியாகத்தான் இருக்கும். சண்டை விடிந்த பிறகு தொடங்கும். அப்போது நாம் எங்கே இருப்போம்? பிரட்டுக் களத்தில்! ஆகவே, ஓய்வு நாளில், அடையும் நேரத்திற்கு இரண்டு மணி முன்பாக, வெளியில் விட்டு, பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். ஒற்றைக் குஞ்சை விடாதீர்கள். எல்லாவற்றையும் சேர்த்து விடுங்கள். தீனியும் தண்ணீரும் இரண்டு மூன்று இடங்களில் தள்ளித் தள்ளி இருக்கட்டும். சுவரில் ஒரு தகரத்தைச் சாய்த்து வையுங்கள். குஞ்சு ஓடி ஒளிய இடம் வேண்டும். ஒன்றிரண்டு கொத்து விழத்தான் செய்யும், பொறுங்கள். இரத்தம் கண்டால் மட்டும் அந்தக் குஞ்சை உடனே எடுத்துவிடுங்கள். சிவப்பைக் கண்டால் மற்றக் கோழிகளும் கொத்த வந்துவிடும்.

நாலாவது, தீனி. முட்டைக் கோழித் தீனியில் சுண்ணாம்புச் சத்து நூற்றுக்கு மூன்றரை, நாலு வரை இருக்கும். குஞ்சுக்கு நூற்றுக்கு ஒன்றே போதும். மிஞ்சினால் சிறுநீரகம் கெடும். ஆகவே எல்லாவற்றிற்கும் வளரும் கோழித் தீனியே போட்டு, நொறுக்கிய சிப்பி ஓட்டைத் தனி டின்னில் வையுங்கள். முட்டையிடும் கோழி தனக்கு வேண்டியதைத் தானே தின்னும்.

வீட்டில் அடைக்கோழி இருந்தால் வேலை இன்னும் சுலபம். பிறந்து இரண்டொரு நாளான குஞ்சுகளை, இரவில், அடியிலிருக்கும் முட்டைகளை எடுத்துவிட்டு அதன் சிறகடியில் வைத்துவிடுங்கள். விடியும்போது கட்டாயம் பாருங்கள். சில கோழிகள் ஏற்காமல் கொத்தும். ஏற்றுக்கொண்டால், மற்றக் கோழிகளை அந்தத் தாயே பார்த்துக்கொள்ளும்.

இவ்வருடம் இந்த முறைப்படி பத்துக் குஞ்சுகள் வளர்த்தோம். கதவைச் சரியாகத் தாழிடாத ஓர் இரவில் ஒன்றை முசாங்கு கொண்டுபோயிற்று. ஒன்பது நம்மிடம் இருக்கின்றன. பெரிய கோழிகள் கொத்தி ஒன்றும் சாகவில்லை.

தாய்மார்களே! குஞ்சு வாங்கும் முன், இரண்டாவது கூண்டு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பணத்தைக் கையிலேயே வைத்திருங்கள். எங்கள் கம்பிக் கூண்டு இப்போது சும்மாதான் கிடக்கிறது. வேண்டியவர்கள் வந்து எடுத்துப் போகலாம். சவர்க்காரம் போட்டுக் கழுவி, இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள். அடுத்த வீட்டுக்குக் கொடுக்கும்போதும் அப்படியே செய்யுங்கள்.