நூலில் மறைந்த வரி
(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழ்ப் பண்டிதனாகிய யான் வரியைப் பற்றிப் பேச எழுந்திருப்பது கண்டு உங்களுட் சிலர் வியப்புறலாம். யான் தறிக்குழியின் ஓரத்தில் வளர்ந்தவன். என் அன்னையார் தார் சுற்றி ஈட்டிய காசில் படித்தவன். சென்ற மாதம் என் சிற்றப்பா மகன் நூற்கடைச் சீட்டு ஒன்றைக் கையில் ஏந்தி என் இல்லத்திற்கு வந்தான். “அண்ணா, எனக்குப் பதிவும் இல்லை, வரி கட்டு என்று ஒரு நோட்டீசும் வந்ததில்லை. அங்ஙனமிருக்க, துணி வாங்கும் கடைக்காரர் வரியைக் காரணங் காட்டி விலையைக் குறைக்கின்றாரே, இது நியாயமா?” என்று கேட்டான். அன்று அவனுக்கு யான் உரைத்த விடையே இன்றைய சொற்பொழிவு.

தறிக்கு வரி புதியதன்று. சோழர் காலக் கல்வெட்டுக்களில் தறியிறை என்னும் பெயர் காணப்படுகின்றது. முதற் குலோத்துங்கன் சுங்கந் தவிர்த்த சோழன் எனப் புகழ் பெற்றதை நாம் அறிவோம். கும்பினி ஆட்சியில் மொத்தர்பா என்னும் வரி தறிகளின் மேல் விழுந்தது. அவ்வரிகளெல்லாம் தறியைத் தேடி வந்தவை. நெசவாளன் கண்ணால் கண்டு, கையால் கொடுத்தவை.

பின்னர் 1939இல், இராஜாஜி முதன்மந்திரியாக இருந்தபொழுது, சென்னை மாகாணத்தில் பொது விற்பனை வரிச் சட்டம் நிறைவேறியது. 1957இல் துணிக்கு இராஜ்யங்கள் விதித்த விற்பனை வரி நீங்கி, அதற்கு ஈடாக ஆலைத் துணியின்மேல் மத்திய சர்க்கார் கூடுதல் எக்சைஸ் வரி விதித்தது. கைத்தறித் துணி அச்சுமையில் அகப்படவில்லை. கைத்தறிக்குரிய சிட்டநூலும் நெடுங்காலம் எக்சைஸ் விலக்குப் பெற்றிருந்தது.

2017 ஜூலை 1 முதல் சரக்கு சேவை வரி நடைமுறைக்கு வந்தது. பருத்தி நூலுக்கு 100க்கு 5. துணிக்கு 100க்கு 5. சாயத்திற்கு 100க்கு 18 என்று விகிதங்கள் ஏற்பட்டன. சிட்டநூலென்றும் கோன் நூலென்றும் வேற்றுமை பாராட்டப்படவில்லை. செயற்கை இழை நூலுக்கு முதலில் 18 ஆக இருந்தது. அவ்வாண்டு அக்டோபரில் 12 ஆகி, 2025 செப்டம்பர் 22 முதல் 5 ஆயிற்று.

ஆண்டு விற்றுவரவு 40 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டவர் நம் இராஜ்யத்தில் சரக்கு விற்பதற்குப் பதிவு செய்ய வேண்டுவதில்லை. இது நமக்குச் சலுகை என்றே பலரும் எண்ணுகின்றனர். ஆயின் பதிவில்லாதவன், தான் வாங்கிய பொருளுக்குக் கொடுத்த வரியைக் கழித்துக்கொள்ளும் உரிமையும் இல்லாதவன் ஆகின்றான். ஈண்டுதான் முடிச்சு இருக்கின்றது.

கணக்கிட்டுப் பார்ப்போம். ஒருவன் 2,000 ரூபாய்க்கு நூலும், 500 ரூபாய்க்குச் சாயமும் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். நூலுக்கு வரி 100, சாயத்திற்கு 90, ஆக 190 ரூபாய். நெய்த துணியை 6,000 ரூபாய்க்குக் கடைக்குக் கொடுக்கின்றான். கடைக்காரர் அதனை 7,000 ரூபாய்க்கு விற்று, வாங்குவோரிடம் 350 ரூபாய் வரி பெறுகின்றார். நெய்தவன் பதிவுடையவனாயின், அவன் வரி 300இல் 190ஐக் கழித்து 110 செலுத்துவான். கடைக்காரர் 350இல் 300ஐக் கழித்து 50 செலுத்துவார். எல்லாம் கூடினால் 350தான். பதிவில்லாதவனாயின், கடைக்காரருக்குக் கழிக்க ஒன்றுமில்லை. 350ஐயும் அவரே செலுத்த வேண்டும். முன்னமே நூலிலும் சாயத்திலும் போன 190 திரும்பாது. ஒரே துணிக்கு வரி 540 ஆகின்றது. அவ்வேற்றுமை யார் தலையில் இறங்கும்? இருவருள் எளியவன் தலையில். வரி கட்டாதவன் என்று தன்னை எண்ணியிருந்த என் தம்பி, பதிவுடைய வணிகர் திரும்பப் பெறுகின்ற வரியைத் தான் மட்டும் பெறாமல் இழந்திருந்தான்.

இதற்கு யாது செய்வது? நூலுக்கு முழு விலக்குக் கேட்போம் என்பார் சிலர். அது மட்டும் போதாது. விலக்குப் பெற்ற நூலை விற்கும் ஆலை, தான் பஞ்சுக்குக் கொடுத்த வரியைக் கழிக்க இயலாமல் அதை விலையில் ஏற்றிவிடும். ஆதலின், அடையாள அட்டையுடைய கைத்தறியாளர் சிட்டநூலுக்குக் கொடுத்த வரி அவருக்கே திருப்பித் தரப்பட வேண்டும் என்பதே நம் விண்ணப்பமாதல் தகும்.

விண்ணப்பத்தால் பயனுண்டோ என ஐயுற வேண்டா. துணிவரியை 5இலிருந்து 12 ஆக உயர்த்தி 2022 ஜனவரி 1 முதல் நடத்துவதெனக் கட்டளை பிறந்திருந்தது. தொழிலாளரும் வணிகரும் இராஜ்ய சர்க்கார்களும் எதிர்த்துக் குரல் கொடுத்தனர். 2021 டிசம்பர் 31ஆம் நாள் கூடிய வரிக் கவுன்சில் அதனை நிறுத்தி வைத்தது. அக்கவுன்சிலில் நம் இராஜ்ய மந்திரியும் ஓர் அங்கத்தினர். அவரிடம் நம் கணக்கைச் சேர்ப்பிப்பது நம் கடமை.

அதுவரை வாளா இருத்தல் ஆகாது. நூலும் சாயமும் வாங்குமிடத்துச் சீட்டுக் கேட்டுப் பெறுங்கள். நம் பிள்ளைகள் எழுதக் கற்றவர்கள். வீட்டுக்கு ஒரு கணக்குப் புத்தகம் வைத்து அவர்களை எழுதச் செய்யுங்கள். தனித்துப் பதிவு செய்துகொள்வதைச் சட்டம் தடுக்கவில்லை. ஆனால் தவணைதோறும் கணக்குத் தாக்கல் செய்வதும், தவறினால் தண்டம் இறுப்பதும் தனி மனிதனுக்குப் பாரம். பதிவு பெற்ற கூட்டுறவுச் சங்கத்தில் சேர்ந்தால், சங்கமே நூல் வாங்கும். சங்கமே துணி விற்கும். வரியைக் கழிப்பதும் சங்கத்தின் வேலை. 2021-22 முதல் 2025-26 வரை வகுக்கப்பட்ட மத்திய சர்க்கார் திட்டத்தில் பருத்திச் சிட்டநூலுக்கு 100க்கு 15 விலைச் சலுகை ஏற்பட்டது. அட்டை இல்லாமையால் அதனை இழந்தவர் நம்முள்ளும் உளர். அட்டை பெறாதவர் உடனே பெற முயல்க.

என் தம்பி இப்பொழுது சீட்டுக்களைக் கம்பியில் கோத்து வைக்கின்றான். அடுத்த கூட்டத்திற்கு நீங்கள் ஒவ்வொருவரும் ஒரு மாதத்துச் சீட்டுக்களைக் கொண்டுவருவீர்களாயின், யான் கூட்டித் தருகின்றேன். அத்தொகையே நம் விண்ணப்பத்தின் முதல் வரியாக நிற்கட்டும்.